சூடேறும் டர்போ காருக்குப் பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு பட்டறை: 150 வெள்ளி (ரிங்கிட்) கொடுக்கலாமா?

ஒரு சாமானும் மாற்றாமல், ஒரு நட்டுகூடப் புதிதாகப் போடாமல், "கோளாறைக் கண்டுபிடித்ததற்கு மட்டும் 150 வெள்ளி" என்று ஒரு பட்டறைக்காரர் கேட்டால் நம் ஆட்களில் பாதிப் பேர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வேறு இடத்தில் ஸ்கேன் சும்மாவே போட்டுத் தருவானே என்பதுதான் முதல் பேச்சாக இருக்கும். நான் கொடுத்தேன். இன்னொரு முறை கார் சூடேறினாலும் கொடுப்பேன். ஆனால் இந்த இடம் எல்லோருக்கும் ஒத்துவராது, அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பட்டறையின் பெயரைப் போடவில்லை. "பேரைப் போட்டுடாதீங்கம்மா, போன் எடுக்கவே இங்க ஆள் இல்ல" என்று பட்டறைக்கார அண்ணனே சொல்லிவிட்டார், அது உண்மையும்கூட. ஜெலுத்தோங்கில் பெரிய சாலையை விட்டு உள்ளே தள்ளி, தகரக் கூரை போட்ட இடம். இரண்டு லிஃப்ட், ஒரு பையன், அண்ணன், அவ்வளவுதான். என் காரின் பிராண்டும் வேண்டாம், பிராண்ட் சண்டைக்கு நான் வரவில்லை. 1.5 லிட்டர் பெட்ரோல் டர்போ (எஞ்சின் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி), இரண்டாம் கையாக வாங்கியது. இந்த மாதிரி சின்ன டர்போ எஞ்சின் இருக்கும் காராக இருந்தால் கீழே சொல்வதில் முக்கால்வாசி உங்களுக்கும் பொருந்தும்.

பிரச்சினை இதுதான். வீடு பிறையில், வேலை பாயான் லெப்பாஸில், ஆக தினமும் பாலம். காலையில் பாலத்தில் ஊர்ந்து போகும்போதும் சரி, மாலையில் துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலை மொத்தமாக நின்றுபோகும்போதும் சரி, காருக்கு ஒன்றும் ஆகாது. ஏர்கோன் ஓடும், ஃபேன் சத்தம் கேட்கும், எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஆனால் பாலிக் புலாவில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போக, பாயா தெருபோங் பக்கமிருந்து துன் சார்டோன் மேட்டில் ஏறினால், அதுவும் வண்டி நிறைய ஆள் இருந்தால், அஞ்சுங் இண்டா வருவதற்குள் சிவப்பு விளக்கு எரிந்துவிடும். காரை ஓரம் கட்டினால் இனிப்பாக ஒரு வாடை வரும். கீழே ஒரு சொட்டுகூட இருக்காது. சில வாரத்துக்கு ஒருமுறை, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம் இருக்கும் கூலண்ட் டேங்கில் அளவு கொஞ்சம் இறங்கியிருக்கும்.

ஜெம்மில் (சாலை நெரிசலில்) சூடேறாமல் மேட்டில் மட்டும் சூடேறுகிறது என்ற ஒரு தகவலே பாதி வேலையை முடித்துவிடும் என்று இப்போது தெரிகிறது. நின்றுகொண்டிருக்கும் காருக்குக் காற்று ஃபேனிலிருந்துதான் வர வேண்டும், அதனால் ஜெம்மில் மட்டும் சூடேறினால் ஃபேன், அதன் ரிலே, ஏர்கோன் கண்டென்சர் முன்னால் அடைத்திருக்கும் குப்பை, இவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஓடும்போதும் மேடேறும்போதும் மட்டும் சூடேறினால் விஷயம் வேறு: கூலண்ட் போதிய அளவு சுற்றவில்லை, ரேடியேட்டருக்குள் அடைப்பு, அழுத்தம் நிற்கவில்லை, அல்லது ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது. இதைக் கேட்காமலேயே சாமான் மாற்ற ஆரம்பிக்கும் பட்டறைகள்தான் நம் ஊரில் அதிகம்.

முதலில் போன ஒரு பட்டறையில் காரின் போனட்டைத் திறந்து பார்த்த இரண்டாவது நிமிடமே "தெர்மோஸ்டாட்" என்றார்கள், கூலண்ட் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடும் வால்வு அது. மாற்றினார்கள். சரியாகவில்லை. திரும்பப் போனால், "தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் போட்டுடலாம், நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு" என்று அறிவுரை. இந்தப் பேச்சைத் தீபகற்பம் முழுக்கக் கேட்கலாம், அப்பா காலத்துக் கார்களுக்கு எப்படியோ, இப்போதைய எஞ்சினுக்கு இது சரியான யோசனை இல்லை. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் எஞ்சின் போதிய சூட்டுக்கு வராது, கணினி இன்னும் எஞ்சின் குளிராக இருக்கிறது என்று நினைத்து பெட்ரோலைக் கூட்டி ஊற்றும், டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரியும், ஸ்கேனரில் பி0128 என்ற குறியீடு வரும், எண்ணெயும் சீக்கிரம் கெடும். மேட்டில் சூடேறுவது அப்படியே இருக்கும். இன்னொரு பட்டறையில் ஃபேன் மோட்டாரை முழு செட்டாக மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன், அது எதற்கு என்று அன்றே சந்தேகம்தான். அங்கே ஒருவர் "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க, அவர்கிட்ட விளக்கிச் சொல்றேன்" என்றும் சொன்னார். என் வீட்டுக்காரருக்கு டயரில் காற்று அடிக்கவே வராது.

இந்த இரண்டு இடத்திலும் போன காசு ஆயிரம் வெள்ளியை ஒட்டி வரும். 150 வெள்ளியை இதோடு வைத்துப் பாருங்கள்.

சரி, ஜெலுத்தோங் பட்டறைக்கு வருவோம். முதலில் பிடித்தது, அண்ணன் காரைத் தொடுவதற்கு முன் என்னிடம் நிறையக் கேட்டார். எப்போது சூடேறுகிறது, ஏர்கோன் போட்டிருந்தாலா போடாவிட்டாலுமா, சூடேறும்போது இழுவை குறைகிறதா, காலையில் முதலில் ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சின் நடுங்குகிறதா, புகைபோக்கியில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா, கூலண்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீர் யாராவது ஊற்றினார்களா, ஒழுகலை அடைக்கும் மருந்து ஏதாவது போட்டிருக்கிறீர்களா. கடைசிக் கேள்விக்கு இல்லை என்றதும் முகம் தெளிந்தது. டர்போவுக்குள் கூலண்ட் போகும் வழி மிகவும் குறுகலானது, அந்த மருந்து ஒழுகலை அடைப்பதற்கு முன் அந்த வழியை அடைத்துவிடும் என்றார். அப்புறம் ஒரு கேள்வி: "கழட்டின பழைய சாமான் எங்கம்மா?"

பழைய தெர்மோஸ்டாட் காரின் பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் பையில் கிடந்தது. அதை வாங்கி, விளிம்பில் அச்சடித்திருந்த எண்ணைப் பார்த்தார், 88. பையனிடம் கேஸ் அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லி, ஒரு பழைய அலுமினியச் சட்டியில் தண்ணீர் ஊற்றி, தெர்மோஸ்டாட்டை ஒரு கம்பியில் கட்டி நடுவில் தொங்கவிட்டார், சட்டியின் அடியைத் தொடக்கூடாதாம், தொட்டால் சூடு தப்பாகக் காட்டுமாம். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். தண்ணீரில் சின்னச் சின்னக் குமிழி வர ஆரம்பித்தது, 85, 86, ஒன்றும் நடக்கவில்லை. 88ஐத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் நடுவில் இருந்த தட்டு மெதுவாக விலகியது, ஒரு மயிரிழை இடைவெளி, பிறகு தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது விரல்நுனி நுழையும் அளவு திறந்துவிட்டது. அடுப்பை அணைத்ததும் ஆற ஆற மூடிக்கொண்டது. அதாவது நல்ல தெர்மோஸ்டாட்டைத்தான் கழற்றிப் போட்டிருக்கிறார்கள்.

புதிதாகப் போட்டிருந்தது 76 டிகிரி என்று பின்னால் தெரிந்தது. சீக்கிரம் திறந்தால் சூடு குறையும் என்ற கணக்கில் போட்டிருப்பார்கள் போல. ஆனால் முழுதாகத் திறந்த பிறகு 76ம் 88ம் ஒன்றுதான், மேட்டில் எஞ்சின் 100ஐத் தாண்டும்போது இரண்டும் வாயைப் பிளந்துகொண்டுதான் இருக்கும். இந்தச் சாதாரணக் கணக்கை எனக்கு யாரும் அதுவரை சொல்லவில்லை.

காரை இரவு அங்கேயே விடச் சொன்னார். எஞ்சின் முழுக்கக் குளிர்ந்த நிலையில்தான் முதல் சோதனை. காலையில் நான் போனபோது ஸ்கேனரை மாட்டி, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி, கூலண்ட் சூடும் உள்ளே இழுக்கும் காற்றின் சூடும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தார். ராத்திரி முழுக்க நின்ற காரில் இரண்டும் வெளிச் சூட்டை ஒட்டியே இருக்க வேண்டும். இரண்டும் 27, 28 என்று காட்டின. ஒன்று 28, மற்றது 45 என்று காட்டினால் எஞ்சினைப் பிரிக்க வேண்டாம், சென்சாரை மாற்றினால் போதும். வீட்டிலேயே எவரும் செய்யக்கூடிய சோதனை இது, 50 வெள்ளிக்குக் கிடைக்கும் ஓபிடி புளூடூத் கருவியும் (கார் கணினியின் எண்களைப் போனுக்கு அனுப்புவது) போனில் டார்க் (Torque) மாதிரி ஒரு ஆப்பும் இருந்தால் முடிந்தது.

இந்தக் கருவியைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. இப்போது வரும் கார்கள் பலவற்றில் சூடு காட்டும் முள்ளே இல்லை, குளிராக இருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு. முள் இருக்கும் கார்களிலும் பலவற்றில் அது 80லிருந்து 105 வரை நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி கம்பெனியே செய்து வைத்திருக்கிறது, பார்ப்பவர் பயப்படக்கூடாதென்று. அதனால் முள் நகர ஆரம்பிக்கும்போதே காலம் கடந்திருக்கும். டர்போ கார் வைத்திருப்பவர்கள் அந்தக் கருவியை வாங்கி டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வைப்பது நல்லது. சாதாரணமாக 85லிருந்து 105க்குள் ஓடும், உங்கள் காருக்கு எது வழக்கம் என்று நல்லாயிருக்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அழுத்தச் சோதனை. கூலண்ட் டேங்கின் மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் கைப் பம்பு ஒன்றை மாட்டி, மூடியில் அச்சடித்திருக்கும் அளவுக்கு, என் காரில் 1.1 பார், காற்றை ஏற்றினார். ஏற்றிய அளவிலிருந்து பம்பின் முள் இறங்கவே இல்லை. குளிர்ந்த எஞ்சினில் எங்கும் ஒழுகல் இல்லை. மற்ற பட்டறையாக இருந்தால் இங்கேயே "ஒழுகல் இல்லை, ஹெட் கேஸ்கெட்தான்" என்று முடிவு கட்டியிருப்பார்கள், நாலாயிரம் வெள்ளி போயிருக்கும். அண்ணன் மூடியையும் தனியாக அதே பம்பில் மாட்டிப் பார்த்தார். 1.1 வரை தாங்க வேண்டிய மூடி 0.6ஐத் தாண்டும்போதே உஸ்ஸென்று காற்றை விட்டது. உள்ளே இருந்த ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது.

"45 வெள்ளி மூடிக்கா இவ்வளவு ஆட்டம்?" என்று கேட்டேன். பிரஷர் குக்கரில் வெயிட் சரியாக உட்காராவிட்டால் உள்ளே என்ன நடக்கும் என்று திருப்பிக் கேட்டார். நல்ல உதாரணம்தான். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100ல் கொதிக்கும், 1.1 பார் அழுத்தம் இருந்தால் 120ஐத் தாண்டித்தான் கொதிக்கும், பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்தால் 125ஐயும் தாண்டும். அழுத்தம் நிற்காவிட்டால் அந்தக் கூடுதல் பாதுகாப்பு போய்விடும். டர்போ இல்லாத காரில் இது கொஞ்ச நாள் தெரியாமல் போகலாம். டர்போவில் அப்படி இல்லை. முழுச் சுமையில் டர்பைனுக்குள் நுழையும் புகை 900 டிகிரியைத் தொடக்கூடியது, உள்ளே சுழலும் தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை போகும், அந்தத் தண்டைத் தாங்கும் நடுப்பகுதியைச் சுற்றி ஓடுவது நம் கூலண்ட்தான். அங்கே அழுத்தம் குறைந்தால் முதலில் கொதிப்பது அந்த இடம், ஆவிக் குமிழி உண்டாகும், அந்தக் குமிழி எஞ்சின் முழுக்கச் சுற்றும்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் மூடியை மட்டும் மாற்றி அனுப்பியிருப்பார், ஒரு மாதத்தில் திரும்ப வந்திருப்பேன். கூலண்ட் குறைவதற்கு மூடி மட்டும் காரணமா என்பது அவருக்கு உறுதியாகவில்லை. ஹெட் கேஸ்கெட்டையும் விலக்க வேண்டும். அதற்கு ஒரு கண்ணாடிக் குழாயில் நீல நிறத் திரவம், அதைக் கூலண்ட் டேங்கின் வாயில் வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, மேலே வரும் காற்றை அந்தத் திரவத்தின் வழியாக உறிஞ்சினார். எஞ்சினுக்குள் எரிந்த புகை கூலண்டில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். நான் போனில் வீடியோ எடுத்துக்கொண்டே நின்றேன். நீலம் நீலமாகவே இருந்தது. அந்த நிமிடத்தில் எனக்கு வந்த நிம்மதிக்கு மட்டுமே 150 வெள்ளி கொடுக்கலாம்.

பிறகு கூலண்டில் ஒளிரும் சாயம் கொஞ்சம் ஊற்றி, தற்காலிகமாக வேறொரு நல்ல மூடியைப் போட்டு, என்னையே ஓட்டச் சொல்லி, அவர் பக்கத்தில் ஸ்கேனரோடு உட்கார்ந்தார். பையன் பின்னால், அவனோடு இரண்டு பழைய பேட்டரி, எடைக்காக. மீண்டும் துன் சார்டோன் மேடு. டுரியான் காலமாக இருந்தால் அந்தச் சாலையில் இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது, ஓரமெல்லாம் கார் நிற்கும். எஞ்சின் கணினி ஃபேனை எப்போது ஓடச் சொல்கிறது, டர்போ அழுத்தம் எவ்வளவு, பெட்ரோல் கலவை சரியா, இக்னிஷன் (பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி) நேரம் பின்தங்குகிறதா, எல்லாவற்றையும் ஒரு பள்ளி நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். கலவை மெலிந்தாலோ இக்னிஷன் தாமதித்தாலோ புகையின் சூடு ஏறும், அந்தச் சூடு கூலண்டுக்கு வரும், அதனால் சூடேற்றத்துக்குக் காரணம் ரேடியேட்டர் பக்கமே இருக்க வேண்டும் என்றில்லை. என் காரில் அவை ஒழுங்காக இருந்தன.

வளைவுகளில் ஏறும்போது 96, 97, 98 என்று போய்க்கொண்டிருந்தது. பிறகு திடீரென்று 106, உடனே 101, மறுபடி 108. "பாத்தீங்களா, குதிக்குது" என்றார். ரேடியேட்டரால் சூட்டைத் தணிக்க முடியவில்லை என்றால் எண் சீராக ஏறிக்கொண்டே போகும், இறங்கவே இறங்காது. இப்படி முன்னும் பின்னும் குதித்தால் சென்சாரைத் தாண்டி ஆவியோ காற்றோ போகிறது என்று அர்த்தம். நல்ல மூடி போட்டும் குதிக்கிறது என்றால் அழுத்தம் இன்னோர் இடத்தில் கசிகிறது. இந்த ஒரு விஷயத்தை நான் எந்தப் பட்டறையிலும் கேட்டதில்லை. 110ஐத் தொடுவதற்குள் காலை எடுக்கச் சொல்லி, இடம் பார்த்துத் திருப்பி, இறக்கத்தில் சும்மா ஓடவிட்டுத் திரும்பினோம்.

பட்டறைக்கு வந்ததும் எஞ்சினை அணைத்தோம், ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. இதைப் பார்த்துப் பயப்படுபவர்கள் நிறைய, டர்போ காரில் இது வழக்கம். அணைத்த பிறகு டர்போவில் தேங்கிய சூடு கூலண்டுக்குள் இறங்கும், அதைத் தணிக்கத்தான் ஃபேனும் சில கார்களில் சின்ன எலெக்ட்ரிக் பம்பும் கொஞ்ச நேரம் ஓடுகின்றன.

மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறும் வரை காத்திருந்து, தடித்த துணியைப் போட்டு மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, எஞ்சின் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே திரும்ப அழுத்தம் ஏற்றினார். காலையில் அசையாத முள் இப்போது மெதுவாக இறங்க ஆரம்பித்தது. டர்போவின் மேல் இருந்த சூடு தடுக்கும் தகட்டைக் கழற்றி, ஊதா விளக்கை அடித்து, நீளக் கம்பியில் ஒட்டிய சின்னக் கண்ணாடியை அடியில் நுழைத்து, "இப்ப பாருங்க" என்று என்னைக் கூப்பிட்டார். குனிந்து பார்த்தேன். டர்போவிலிருந்து கூலண்ட் திரும்பி வரும் குழாயை மாட்டும் போல்ட்டின் கீழே, தலைமுடி அளவுக்கு ஒரு கோடு பச்சையாக மின்னியது. அதைச் சுற்றிப் பழைய கசிவு காய்ந்து உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. அந்த போல்ட்டின் இரு பக்கமும் ஒரு செம்பு வாஷர் இருக்கும், பழசாகி இறுகிப்போயிருந்தது. எஞ்சின் சூடேறினால்தான் கசியும், கசிந்ததும் டர்போவின் சூட்டிலேயே ஆவியாகிவிடும், அதனால்தான் தரையில் ஒரு சொட்டும் இல்லை, அதனால்தான் இனிப்பு வாடை.

நாலு வாஷர், ஒரு மூடி. காரணம் இவ்வளவுதான்.

குழாயின் வாயும் அரித்திருந்ததால் அதையும் மாற்றச் சொன்னார். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் காய்ந்த இலைகளும் தூசியும் நிறைய இருந்தன, முன்னால் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் சேர்ந்து மூன்று அடுக்காக இருப்பதால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீரைக் குறைந்த வேகத்தில் அடித்துக் கழுவினான் பையன். வேகமாக அடித்தால் அந்த மெல்லிய தகடுகள் மடங்கிக் காற்றே போகாது. 76 தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு என் பழைய 88ஐயே புது கேஸ்கெட்டோடு மாட்டினார், புதுசு விற்க வாய்ப்பிருந்தும் விற்கவில்லை. கூலண்டை வெறுமனே ஊற்றாமல், முதலில் பம்பால் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு அந்த வெற்றிடத்தில் கூலண்டை இழுக்க விட்டார். டர்போவுக்குப் போகும் சின்னக் குழாய்களில் காற்று மாட்டிக்கொண்டால் எல்லாம் சரி செய்த பிறகும் சூடேறுமாம்.

பில்: குழாய் 180, வாஷர் 16, மூடி 45, கூலண்ட் 80, வேலைக்கூலி 220, ஆக 541. சோதனைக்கான 150 தனி, பழுதை அங்கேயே பார்த்தாலும் கழிக்க மாட்டார். மொத்தம் 691 வெள்ளி. கழிக்காதது எனக்கு முதலில் கொஞ்சம் உறுத்தியது, பிறகு யோசித்தால் அதுதான் நியாயம், கழிப்பதாக இருந்தால் அவருக்கும் ஏதாவது ஒரு சாமானை மாற்ற வைத்தே ஆக வேண்டும் என்ற ஆசை வந்துவிடும். அதன் பிறகு சித்தி வீட்டுக்கு முழு ஆளோடு, ஏர்கோன் போட்டுக்கொண்டே பலமுறை ஏறியாயிற்று. 100ஐத் தாண்டுவது அபூர்வம், கூலண்ட் அளவு இறங்கவில்லை.

இனி குறைகள். முதலாவது நேரம். ஒரே நாளில் காரைத் திருப்பி எடுக்கும் எண்ணத்தோடு போகாதீர்கள். குழாய் கோலாலம்பூரிலிருந்து வர வேண்டும் என்று காரைப் பிடித்து வைத்துக்கொண்டார், அந்த நாட்களில் நான் படகிலும் கிராப்பிலும் அலைந்தேன். படகில் இப்போது கார் ஏறாது என்பதால் பெருநிலத்திலிருந்து பழுதான காரைக் கொண்டுவர வேண்டுமென்றால் டோ லாரி பாலம் வழியாகத்தான் வர வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள். இரண்டாவது, தகவல் சொல்வதில் அண்ணன் மோசம். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. வேலை முடிந்துவிட்டது என்பதே நான் நேரில் போய்தான் தெரிந்தது. மூன்றாவது, உட்கார இடமில்லை. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, அதிலும் ஒன்றில் எப்போதும் ஒரு கியர்பாக்ஸ் உட்கார்ந்திருக்கும். மதிய நேரத்தில் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே நிற்பதைவிட எதிர்க்கடையில் தே ஓ ஐஸ் குடித்துக்கொண்டிருப்பது நல்லது. அப்புறம், வேலை முடித்து அனுப்பியபோது அடித்தட்டில் ஒரு கிளிப்பை மாட்ட மறந்துவிட்டார்கள், வேகம் 80ஐத் தாண்டினால் கடகடவென்று சத்தம். திரும்பப் போனதும் ஒன்றும் பேசாமல் மாட்டிக்கொடுத்தான் பையன், ஆனால் அதற்காகப் பாலத்தைக் கடந்து வருவது என்ன வேலை.

சோதனை முடிவை அச்சடித்த அறிக்கையாகவும் தருவதில்லை. அந்தப் பள்ளி நோட்டுப் பக்கத்தைப் போனில் படமெடுத்துக்கொள்ளச் சொல்கிறார். எழுத்து கோணல்தான், ஆனால் எண்கள் எல்லாம் இருக்கின்றன, நாளை வேறு பட்டறைக்குப் போனாலும் காட்டலாம். கார்டு வாங்குவதில்லை, போனில் காசு கட்ட டியூட்நவ் கியூஆர் இருக்கிறது.

யார் போகலாம் என்றால், கார் இன்னும் ஓடுகிற நிலையில், ஏன் சூடேறுகிறது என்று தெரியாமல் சாமான் மேல் சாமானாக மாற்றிக்கொண்டிருப்பவர்கள் கட்டாயம் போகலாம். சாதாரண சர்வீஸ், எண்ணெய் மாற்ற, பிரேக் பேட் போட இவரிடம் போவது வீண், வீட்டுப் பக்கத்துப் பட்டறையே போதும், இவரும் அந்த வேலையை ஆசையோடு செய்வதில்லை. சிவப்பு விளக்கு எரிந்த பிறகும் பல கிலோமீட்டர் ஓட்டி எஞ்சினே மடக்கென்று நின்றுபோன கார் என்றால் ஹெட்டைக் கழற்றி அது வளைந்திருக்கிறதா என்று அளக்க வேண்டியிருக்கும், அதை அவர் வெளியே கொடுத்துத்தான் செய்கிறார். வழியில் விளக்கு எரிந்தால் ஏர்கோனை அணைத்து உடனே ஓரம் கட்டுங்கள், ஆவி வந்தாலோ கூலண்ட் கொட்டினாலோ எஞ்சினை அந்த இடத்திலேயே அணைத்துவிடுங்கள், மூடியை மட்டும் சூட்டோடு தொடாதீர்கள்.

போக நினைப்பவர்கள் முந்தைய நாள் மாலையே காரை விட்டுவிட வேண்டும், காலையில் ஓட்டிக்கொண்டு போனால் எஞ்சின் ஆறும் வரை தொட மாட்டார். ஞாயிறு கிடையாது, தைப்பூசத்தை ஒட்டிச் சில நாட்களும் கிடையாது, பையனும் அவரும் தண்ணீர்மலைப் பக்கம் தண்ணீர்ப் பந்தலில் இருப்பார்கள். இதற்கு முன் யாராவது கழற்றிய பழைய சாமான் வீட்டில் இருந்தால் அதையும் காரிலேயே போட்டு விடுங்கள், கட்டாயம் கேட்பார். இடம் வேண்டுமென்றால் எனக்குத் தனியாக எழுதுங்கள், வரைபடத்தை அனுப்புகிறேன்.